மூன்றாம் துளை

கோளாறுகள் இருவகைப்படும். எங்கு வைத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்வது ஒன்று. ஓரிடத்தில் மட்டும் தலைகாட்டி, மற்ற இடங்களில் மறைந்துகொள்வது மற்றொன்று. முதல் வகையைப் பழுதுபார்ப்பவன் வெல்கிறான். இரண்டாம் வகை பழுதுபார்ப்பவனை வெல்கிறது. தியாகராய நகரில், பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் இயங்கிவந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், 1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து வெயிலில், பேராசிரியர் ராகவேந்திரனின் லேப்டாப் மூன்றாம் முறையாக மேசைக்கு வந்து சேர்ந்தபோது வலியுல்லா இவ்வுண்மையை நன்கு உணர்ந்தான்.

குறை ஒன்றே ஒன்றுதான். தட்டச்சு விசைகளுக்குக் கீழே சீட்டுக்கட்டு அளவில் பதிந்திருக்கும் டச்பேடில் விரலை வைத்து நகர்த்தினால், திரையிலுள்ள அம்புக்குறி விரலின் போக்கில் செல்ல வேண்டும். பேராசிரியரின் இல்லத்தில் அது விரலுக்கு அடங்குவதில்லை. விளக்கைப் போட்டதும் சிதறும் கரப்பான்பூச்சியைப் போல மூலைக்கு மூலை ஓடியது. தொடாத இடத்தைத் தானே அழுத்தியது. வரைந்த வட்டத்தை இழுத்துக் கோணலாக்கியது. ஆனால் அதே பெட்டியைக் கடை மேசைக்குக் கொண்டுவந்தால், புது மருமகள் போலச் சொன்னபடி கேட்டது. முதல் முறை வலியுல்லா அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து அனுப்பினான். இரண்டாம் முறை டச்பேடையே கழற்றிப் புதியது பொருத்தினான். இப்போது மூன்றாம் முறை.

கடை முதலாளி சண்முகவேல் அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இன்னா பாய், இது இங்கயே குடித்தனம் பண்றதுக்கு வந்துகீதா? வாடகை கேட்டியா?"

"நம்ம டேபிள்ள நல்லாத்தாண்ணே ஓடுது. காலைலேர்ந்து ஓட்டிப் பாத்துக்கினு கீறேன்."

"உன் டேபிள்ள ஓடி இன்னா புண்ணியம்? அந்தாளு வாத்தியாரு. போன்ல எனக்கே பாடம் எடுக்கிறாரு. அவுரு காலேஜுல அறுபது கம்ப்யூட்டர் வாங்கப் போறாங்க. அந்த வேலை நமக்கு வர்றதும் வராததும் அவுரு வாயிலதான் கீது." சண்முகவேல் குரலைத் தாழ்த்தினார். "நீயே வீட்டுக்குப் போ. சரி பண்ணிட்டு வா. நாலாவது தபா இந்தப் பொட்டி படியேறிச்சு, நீ படி எறங்கிடு. மனசுல வெச்சுக்கோ."

வலியுல்லாவுக்கு வயது முப்பத்தொன்று. பத்து ஆண்டுகள் ஜாம்பஜாரில் தள்ளுவண்டியருகே நின்று ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் பழுதுபார்த்தவன். மாலை வகுப்பில் சேர்ந்து, தன்னினும் பத்து வயது இளையவர்களுடன் உட்கார்ந்து கணிப்பொறி கற்றவன். இக்கடையில் அவனுக்கு ஒரு நாற்காலி இருந்தது. சட்டைப்பையில் குத்திக்கொள்ள 'சர்வீஸ் என்ஜினியர்' என்ற வில்லை இருந்தது. அந்த வில்லையை அவன் வீட்டில் கழற்றி அலமாரியில் வைப்பதில்லை. மறுநாள் அணியும் சட்டையிலேயே குத்தி வைப்பான். அதை இழப்பது என்பது திரும்பவும் தள்ளுவண்டிக்குப் போவது. இதனை அவன் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பேராசிரியரின் வீடு மயிலாப்பூரில், கச்சேரி சாலையிலிருந்து உள்ளே செல்லும் ஒரு சந்தில் இருந்தது. அறுபது வயதுக்குக் குறையாத ஓடு வேய்ந்த மாடி வீடு. வாசலில் பேராசிரியரின் மனைவி அபயாம்பாள் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம், கைகளில் அரிசிமாவு காய்ந்திருந்தது.

"செருப்பை அங்கயே விட்டுட்டு வாங்கோ. கோவிச்சுக்காதீங்கோ, இப்பத்தான் தொடச்சேன்."

வலியுல்லா ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரம் உலராத சிவப்புத் தரையில் வெறுங்காலுடன் நடந்தான். பின்னால் நிகழ்ந்தவை அனைத்துக்கும் இதுவே தொடக்கம். கடையில் அவன் செருப்பைக் கழற்றியதே இல்லை.

ராகவேந்திரன் கூடத்து மேசையில் தயாராக இருந்தார். கல்லூரியொன்றில் கணிதம் கற்பிப்பவர். பிளஸ் டூ மாணவருக்கென வடிவியல் வழிகாட்டி நூல் ஒன்று எழுதி, அதன் இருநூறு படங்களையும் தம் கையாலேயே கணிப்பொறியில் வரைந்துகொண்டிருந்தார். மே மாத முடிவுக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"வாங்கோ. கண்ணால பாருங்கோ. அப்பறம் என்மேல சொல்லக் கூடாது." அவர் விரலை வைத்தார். முக்கோணத்தின் உச்சி சட்டென்று திரைக்கு வெளியே பாய்ந்தது. "பாத்தேளா? யூக்ளிட் வந்தாலும் இதுல ஒரு கோடு போட முடியாது."

"மவுஸ் வெச்சுப் பாத்தீங்களா சார்?"

"வெச்சேன். மவுஸ் ஒரு பக்கம் இழுக்கறது, இது ஒரு பக்கம் இழுக்கறது. தேர் வடம் மாதிரி."

வலியுல்லா உட்கார்ந்து தானும் விரலை வைத்தான். அம்புக்குறி நடுங்கியது, பாய்ந்தது. பின்புறத் திருகாணி ஒன்றில் அவன் கை தற்செயலாக உரசியது. வெறுங்கால் ஈரத்தரையில் இருக்க, தோலின் மேல் எறும்பு வரிசை போவது போன்ற ஓர் ஊர்ச்சல். கையை எடுத்தான். மறுபடியும் வைத்தான். ஊர்ச்சல் இருந்தது. அவன் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். பெட்டி பேட்டரியில் ஓடத் தொடங்கியது. விரலை நகர்த்தினான். அம்புக்குறி நூல் பிடித்தாற்போல நேராகச் சென்றது. பிளக்கைச் செருகினான், பாய்ந்தது. பிடுங்கினான், அடங்கியது.

மூன்று மாதப் புதிர் அரை நிமிடத்தில் அவிழ்ந்தது. பெட்டியில் குறையே இல்லை. குறை சுவரில்.

அவன் பையிலிருந்து இரண்டு ஒயர் நீட்டிய குண்டு பல்பை எடுத்தான். சுவிட்ச் போர்டின் பிளக் துளைகள் மூன்று. கீழுள்ள இரண்டில் ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ். மற்றது அதைத் திருப்பி அழைத்துச் செல்லும் நியூட்ரல். மேலே இருக்கும் பெரிய துளை எர்த். வழிதவறிய மின்சாரம் மனிதனைத் தீண்டாமல் மண்ணுக்குள் இறங்கிப்போவதற்கென்று அமைந்த வழி அது. கீழ்த்துளைகள் இரண்டிலும் ஒயரை வைத்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஓர் ஒயரை மேல் துளைக்கு மாற்றினான். பல்பு எரியவில்லை. செம்பொட்டு அளவும் ஒளியில்லை.

"சார், உங்க வீட்ல எர்த் இல்ல."

"என்னது?"

"எர்த் ஒயர் எங்கியோ அறுந்திருக்கு சார். கொல்லைல குழி இருக்கும், கம்பி துரு புடிச்சுப் போயிருக்கும். எங்க கடைல எர்த் சரியா இருக்கிறதால இது ஒழுங்கா ஓடுது. ஒரு வயர்மேனக் கூப்டு புதுசா எர்த் போடணும் சார். இந்தப் பொட்டிக்காகச் சொல்லல. வீட்டுக்கே ஆபத்து."

ராகவேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். கரும்பலகையில் தவறான விடையெழுதிய மாணவனை நோக்குவது போல நோக்கினார்.

"முதல்ல அழுக்குன்னேள். அப்பறம் பேடு போயிடுத்துன்னேள். இப்போ என் வீடே சரியில்லைங்கறேள். அடுத்து என் விரல் சரியில்லைம்பேளா?"

"இல்ல சார்..."

"அறுபது வருஷமா இந்த ஆத்துல ரேடியோ ஓடறது, ஃபிரிஜ் ஓடறது, கிரைண்டர் ஓடறது. உங்க மெஷின் ஒண்ணுக்குத்தான் எர்த் வேணுமாக்கும்."

சமையலறையிலிருந்து அபயாம்பாள் மோர் கொண்டுவந்தார். "அவர் சொல்றது சரியா இருக்கும்னா. கிரைண்டரைத் தொட்டா சுருக்குங்கறதுன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அது அப்படித்தான் இருக்கும். ஈரக்கையோட தொட்டா எல்லாமே சுருக்குங்கும்."

"அதனாலதான் மணையைப் போட்டுண்டு அதுமேல நின்னுண்டு அரைக்கறேன்," என்று அவர் வலியுல்லாவிடம் சிரித்தார். "கல்யாணத்துல உக்காந்த மணை. இப்போ கிரைண்டருக்குத்தான் உபயோகப்படறது."

வலியுல்லா எட்டிப் பார்த்தான். சமையலறை மூலையில் எவர்சில்வர் உருளையுடன் வெட் கிரைண்டர். அதன் முன்னால் தரையோடு தரையாக ஒரு பலா மணை. எளிய மரப்பலகை, ஆனால் கால்களுக்கும் மண்ணுக்கும் நடுவே அது ஒன்றே தடை. அறிவியல் படிக்காமலே அந்த அம்மாள் தம் உயிரைக் காத்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் தொலைபேசியைச் சுழற்றிக் கடைக்குப் பேசினார். பேசி முடித்ததும் ரிசீவரை வலியுல்லாவிடம் நீட்டினார். சண்முகவேலின் குரல் அதில் சன்னமாகவும் கொடூரமாகவும் வந்தது.

"வீட்டக் கொற சொல்றதுக்கா அனுப்பிச்சேன்? வாத்தியாரு கொதிச்சுக்கினு கீறாரு. எர்த்து, கிர்த்துன்னு கத வுடாத. அம்பு நிக்கணும். இன்னிக்கு நிக்கணும். எப்படியாச்சும் பண்ணு. இல்லாட்டி அப்படியே வீட்டுக்குப் போய்க்கோ."

எப்படியாச்சும் என்றால் எப்படி என்பது வலியுல்லாவுக்குத் தெரியும். ஊரிலுள்ள வயர்மேன் எல்லாருக்கும் தெரிந்த உபாயம் அது. எர்த் இல்லாத இடத்தில், போர்டுக்குள்ளேயே நியூட்ரல் முனையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் முனையில் கோர்த்துவிட்டால், பெட்டி ஏமாந்துபோகும். மண் கிடைத்துவிட்டதாக நம்பி அடங்கிவிடும். செய்யக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆயினும் செய்வார்கள்.

அவன் மெயினை இறக்குவதற்காக வாசல் நடைக்குச் சென்றான். மீட்டருக்குக் கீழே பழைய மரப்பலகையில் இரண்டு பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் இருந்தன. பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. பழங்கால வழக்கம் அது. இப்போது நியூட்ரலில் யாரும் ஃப்யூஸ் வைப்பதில்லை. வலியுல்லா இரண்டாம் கட்டையைக் கண்டான். கண்டான் என்பது மட்டுமல்ல, அதன்மேல் விரலை வைத்துச் சற்று நின்றான். பிறகு மெயினை இறக்கினான்.

ஒன்றரை அங்குல நீளத்தில் ஒரு சிவப்பு ஒயர். இரண்டு திருகு. மூடியை மூட ஐந்து நிமிடம்.

மெயினை ஏற்றி, பிளக்கைச் செருகினான். அம்புக்குறி அசையாமல் நின்றது. ராகவேந்திரன் ஒரு வட்டம் வரைந்தார்; அதற்குத் தொடுகோடு வரைந்தார். அவர் முகம் மாணவன் முகம் போல மலர்ந்தது.

"என்ன பண்ணினேள்?"

"போர்டுல ஒரு கனெக்‌ஷன் சார். சரி பண்ணிட்டேன்."

"பாத்தேளா? எர்த்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கொஞ்சம் மூளையைச் செலுத்தினா போறும்."

கார்பன் வைத்த சர்வீஸ் சீட்டில் மூன்று கட்டங்கள். குறை: டச்பேட் தாறுமாறாக ஓடுகிறது. கண்டறிந்தது: இணைப்புக் கோளாறு. சரிசெய்த விதம் என்ற மூன்றாம் கட்டத்தில் வலியுல்லாவின் பேனா தயங்கியது. 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினான். பேராசிரியர் கையொப்பமிட்டு அசலைத் தாம் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தன் மாமன் மகனை அழைத்துவந்து, எவருக்கும் சொல்லாமல், தன் செலவிலேயே உண்மையான எர்த்தைப் போட்டுவிட்டு அந்தச் சிவப்பு ஒயரைப் பிடுங்கிவிடுவது என்று செருப்பை மாட்டும்போதே தீர்மானித்துக்கொண்டான்.

மாமன் மகன் இனாயத், கட்டட வேலைகளுக்கு ஒயர் இழுப்பவன். அன்று சாயங்காலமே ஐஸ்ஹவுஸ் பக்கத்து டீக்கடையில் வலியுல்லா விஷயத்தைச் சொன்னான். இனாயத் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"நியூட்ரல எர்த்துல கோத்தியா? நியூட்ரல்ல ஃப்யூஸ் கீதா?"

"கீது."

"அறிவு கீதாடா உனக்கு? அந்த ஃப்யூஸ் போச்சுன்னா இன்னா ஆவும் தெரியுமில்ல? திரும்பிப் போற வழி அடைஞ்சுடும். வந்த கரண்ட்டு எல்லாம் உன் ஒயர் வழியா எர்த் லைன்ல ஏறும். எர்த்து மண்ணுக்கே போவல. ஃபிரிஜ்ஜு, கிரைண்டரு, இஸ்திரிப்பொட்டி, அந்த வீட்ல கீற இரும்பு எல்லாம் லைவ்வு."

"தெரியும்."

"தெரிஞ்சேதானா? இதுல பெரிய கூத்து இன்னான்னா, அப்போ லைட்டு எரியாது, ஃபேன் ஓடாது. கரண்ட் கட்டுன்னு நெனச்சுக்குவாங்க. தைரியமா கைய வெப்பாங்க."

"அதான் வர்ற ஞாயித்துக்கெழம வான்னு கூப்பிடறேன். எர்த் குழிக்குப் பைப்பு, கரி, உப்பு எல்லாம் நான் வாங்கிடறேன்."

"இந்த ஞாயிறு பெருங்குடில காங்கிரீட் போடறாங்க. அடுத்த ஞாயிறும் டவுட்டுதான். அதுக்கு அடுத்தது கண்டிப்பா. நீ நாளைக்கே போய் அந்த ஒயரப் புடுங்கி எறி."

நாளைக்கே போகலாம்தான். போனால் அம்புக்குறி மறுபடி ஓடும். ஓடினால் பெட்டி படியேறும். வலியுல்லா நாளைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அறுபது ஆண்டு நின்ற ஃப்யூஸ் இரண்டு வாரம் நிற்காதா என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவனுக்குச் சற்று நிம்மதியாக இருந்தது.

பத்தாம் நாள் கடைக்கு ஒரு தொலைபேசி வந்தது. அபயாம்பாள்.

"வலியுல்லாதானே? மயிலாப்பூர்லேர்ந்து பேசறேன். ஒண்ணுமில்ல, சந்தோஷமா ஒரு விஷயம். உங்க புண்ணியத்துல கிரைண்டர்ல ஷாக் அடிக்கறதே நின்னுடுத்து! அவர் சொல்லமாட்டார், அதான் நானே கூப்பிட்டேன். மணையைக்கூட எடுத்து உள்ள வெச்சுட்டேன்."

வலியுல்லா எதிர் மேசையைப் பார்த்தான்.

"அம்மா, மணைய எடுக்காதீங்கம்மா. அது இருக்கட்டும்."

"எதுக்கு? இப்பத்தான் ஒண்ணுமே இல்லையே."

"எதுக்கும் இருக்கட்டும்மா. நான் வர்ற ஞாயித்துக்கெழம வந்து ஒரு தபா பாத்துடறேன். அதுவரைக்கும்."

"வாங்கோ வாங்கோ. அடை பண்ணித் தரேன்."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். எதிர் மேசையில் சண்முகவேல் உட்கார்ந்திருந்தார். காரணமில்லாத எச்சரிக்கையை அந்த அம்மாள் அன்பின் மிகுதி என்று கொண்டார்.

மே மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் எட்டடி இரும்புப் பைப்பும், கடப்பாரையும், ஒரு மூட்டை அடுப்புக்கரியும், ஒரு மூட்டை கல்லுப்பும் ஏற்றிக்கொண்டு வலியுல்லாவும் இனாயத்தும் சந்துக்குள் நுழைந்தார்கள். வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தெருவோரம் இருவர் குந்தி உட்கார்ந்து பச்சை மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்சட்டியில் வறட்டி புகைந்தது.

இனாயத் ரிக்‌ஷாக்காரரின் தோளைத் தொட்டு நிறுத்தினான். எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை. என்றாலும் அவன் அடுத்த வீட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டான்.

"நேத்து மத்தியானம். கிரைண்டர் ஓடிண்டிருந்திருக்கு, கரண்ட் போயிடுத்து. சரி, பாதி அரைச்சது வீணாப் போறதேன்னு கையை விட்டு மாவை வழிச்சிருக்கா. எங்காத்துல கரண்ட் இருந்தது, அவா ஆத்துல மட்டும் இல்ல. ஆஸ்பத்திரிலேர்ந்து இப்பத்தான் கொண்டுவந்தா."

கூட்டத்துக்கு நடுவே, மேலாடையின்றி நின்றிருந்த ராகவேந்திரன் ரிக்‌ஷாவைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். கூட்டம் வழிவிட்டது, அவர் நடந்து வந்தார்.

"எர்த் போட வந்தேளா?"

வலியுல்லா ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினான்.

"நீங்க அன்னிக்கே சொன்னேள். வீட்டுக்கே ஆபத்துன்னு, இதே வாயால சொன்னேள். நான்தான் கேக்கல." அவருடைய குரல் பாடம் சொல்வதுபோல ஒரே அளவில் இருந்தது. "போலீஸ் இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தர் எச்சரிக்கை பண்ணினார், நான் அலட்சியம் பண்ணிட்டேன்னு. நான்தான் கொன்னேன்."

அவர் வலியுல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை அவனுடையதாகவே இல்லை. உப்பு மூட்டையின் ஓட்டையிலிருந்து கல்லுப்பு தெருவில் சிந்திக்கொண்டிருந்தது.

திங்களன்று சண்முகவேல் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். வலியுல்லா எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி வெகுநேரம் மேசைக் கண்ணாடியைத் தேய்த்தார்.

"கரண்ட் ஆபீஸ்காரங்க போர்டத் தொறந்து பாத்தாங்களா?"

"இல்லண்ணே. மெயின எறக்கி, கட்ட ரெண்டையும் கழட்டிட்டாங்க. பழைய வீடு, எர்த் இல்லன்னு எழுதிக்கினு போயிட்டாங்களாம்."

"அப்போ வாய மூடிக்கினு இரு. அவுரே தன் தப்புன்றாரு. நாமளா போயி இல்ல சார், எங்க தப்புன்னு சொல்லணுமா? உனக்கும் வேல இருக்கும், எனக்கும் கட இருக்கும்." பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவராக, "நீ ஒண்ணும் வேணும்னு பண்ணல," என்றார்.

பதினான்காம் நாள் பேராசிரியரே கடைக்குப் பேசினார். காரியங்கள் முடிந்துவிட்டன, வீட்டில் இன்னும் விளக்கில்லை, எர்த் போடாமல் மின்சாரத்தைத் திரும்ப விட மாட்டேன் என்று உறவினரிடம் சொல்லிவிட்டார். "வேற யாரையும் நான் நம்ப மாட்டேன். உண்மையைச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். அவரையே அனுப்புங்கோ." சண்முகவேல் ரிசீவரை வைத்துவிட்டு வலியுல்லாவைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. போனதும் மொதல்ல அந்த ஒயர உருவிப் பாக்கெட்ல போட்டுக்கோ."

கொல்லையில் இனாயத் குழி தோண்டிக்கொண்டிருந்தான். கடப்பாரை இறங்கும் ஓசை கூடத்துக்குக் கேட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் ராகவேந்திரன் நாற்காலியில் அமர்ந்திருந்தார். லேப்டாப் மூடியிருந்தது, அதன்மேல் தூசி. சமையலறைச் சுவரில் பலா மணை சாத்திவைக்கப்பட்டிருந்தது.

வலியுல்லா சுவிட்ச் போர்டின் திருகுகளைக் கழற்றினான். மூடி கையில் வந்தது. சிவப்பு ஒயர் அவன் வைத்தபடியே, வளைந்து, பளபளவென்று இருந்தது. பேராசிரியரின் கண்கள் வேறெங்கோ இருந்தன. உருவிப் பையில் போட ஒரு விநாடி போதும். அந்த விநாடி அவனுக்குக் கிடைத்தது. அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"சார். இங்க வந்து பாருங்க."

அவர் எழுந்து வந்தார்.

"இந்த ஒயர நான் போட்டேன். அன்னிக்கி. இதப் போட்டதாலதான் அம்பு நின்னுச்சு."

"என்ன ஒயர் இது?"

"நியூட்ரலையும் எர்த்தையும் சேக்கிற ஒயர் சார். சேக்கக் கூடாது. தெரிஞ்சேதான் சேத்தேன்."

ராகவேந்திரன் மேசைக்குச் சென்று, ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் எடுத்து அவன் முன் வைத்தார். "வரைஞ்சு காட்டுங்கோ."

வலியுல்லா வரைந்தான். மீட்டர், இரண்டு கட்டைகள், கிரைண்டர், மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் முடியும் எர்த் கோடு. பேராசிரியர் ஒவ்வொரு படியிலும் நிறுத்திக் கேட்டார். நியூட்ரல் கட்டை போனால் மின்சாரம் எந்த வழியில் வரும்? கிரைண்டர் சுவிட்ச் போட்டபடி இருந்தால்? விளக்கு ஏன் எரியாது? ஒரு தேற்றத்தின் நிரூபணத்தைச் சரிபார்ப்பது போலக் கேட்டார். எந்தப் படியிலும் தவறில்லை. கடைசியில் பென்சில் முனையை கிரைண்டரின் மேல் வைத்தார்.

"இந்த ஒயர் இல்லாம, பழையபடியே இருந்திருந்தா?"

"சுருக்குனு அடிச்சிருக்கும் சார். அவ்ளோதான்."

"ஒயரும் இருந்து, மணையும் இருந்திருந்தா?"

"ஒரு வேள... பொழச்சிருப்பாங்க சார். நான் போன்ல அம்மாகிட்ட சொன்னேன், மணைய எடுக்காதீங்கன்னு. ஏன்னு சொல்லல."

"உங்ககிட்ட பேசிட்டுத் திரும்பப் போட்டா." அவர் மணையை நோக்கித் திரும்பவில்லை. "'அந்தப் பிள்ளையாண்டான் இருக்கட்டும்னு சொன்னான், ஏன்னு தெரியல'ன்னு என்கிட்ட சொன்னா. நான் ரெண்டு நாள் கழிச்சுத் தண்ணி குடிக்கப் போனேன். கால்ல இடிச்சுது. ஷாக்தான் இல்லையே, இன்னும் எதுக்கு இந்தக் கட்டைன்னு நானே எடுத்துச் சாத்தினேன்."

கடப்பாரை ஓசை நின்றது. கொல்லையில் இனாயத் யாரிடமோ தண்ணீர் கேட்டான்.

வலியுல்லா தான் வரைந்த படத்தைப் பார்த்தான். தான் சொன்னால் பேராசிரியரின் பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தான். இறங்கவில்லை. ஒருவர் சுமந்ததை இப்போது இருவர் சுமந்தார்கள். அதன் எடை பாதியாகவுமில்லை.

பேராசிரியர் மேசை இழுப்பறையைத் திறந்து, மடித்து வைத்திருந்த சர்வீஸ் சீட்டை எடுத்தார். மூன்றாம் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதை முழுசா எழுதுங்கோ. நாளைக்கு இன்ஸ்பெக்டர்கிட்டக் கொண்டுபோய்க் குடுக்கணும். மணையைப் பத்தி நான் தனியா எழுதறேன்."

வலியுல்லா சட்டைப்பையிலிருந்த வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். எழுதும்போது அது தாளில் இடித்தது. 'சரிசெய்யப்பட்டது' என்ற சொல்லுக்குக் கீழே எழுதினான்: எர்த் இல்லாததால், நியூட்ரலில் இருந்து எர்த்துக்கு ஒன்றரை அங்குல ஒயர் கோர்க்கப்பட்டது. ஆபத்து எனத் தெரியும். வீட்டாரிடம் சொல்லவில்லை. பெயரை எழுதிக் கையொப்பமிட்டான். தேதிக்குரிய இடத்தில் பேனா நின்றது.

"எந்தத் தேதி போடட்டும் சார்? ஒயர் போட்ட தேதியா, இன்னிக்கா?"

ராகவேந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவன் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்.

"ரெண்டையும் போடுங்கோ," என்றார்.